வெயில் பாட்டுக்கு மூன்று போராட்டங்கள்

திலக்ஷன் போராட்டத்தில் இறங்கிவிட்டான் என்பது பாட்டின் இரண்டாவது வரியிலேயே நிஷாந்திக்குத் தெரிந்துவிட்டது.

அன்று அவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். பிள்ளைக் காம்பராவின் குட்டி நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தான். கரண்டில் ஓடும் தாள வாத்தியமான ஒக்டபேட்டின் ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். அவள் தலையசைத்ததும் வாசித்தான். ஓர் அடியையும் விடவில்லை, ஓர் அடியையும் கூட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். கொழுந்து லொறி மழையில் மேடு ஏறுவதைப் போல அவ்வளவு மெதுவாக வாசித்தான்.

டிக்கோயாவுக்கு மேலே அந்தத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு வருவார்கள், வேலைக்குப் பெயர் கொடுப்பார்கள், மலையில் போய் நிற்பார்கள், கொழுந்தும் எடுப்பார்கள். கூடை மட்டும் நிறையாது. வேலை செய்யவில்லை என்று எந்தத் துரையும் சொல்ல முடியாது. நிஷாந்தியின் அம்மா மீனம்மா ஒருமுறை ஒரு தேயிலைச் செடியை இலை இலையாகத் தடவிப் பார்த்தே பாதி நாளைக் கழித்தாள் என்று லயத்து வீடுகளில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒக்டபேட்டில் இதை யாரும் செய்து நிஷாந்தி பார்த்ததில்லை.

அவர்கள் நான்கு பேர். நிஷாந்தி பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாமார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவள்தான் பாடுவாள். திலக்ஷன் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவின் மகன். டவுனில் போன் திருத்துகிறான். ஓர்கன் வாசிப்பவர் றமணன் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். கிட்டார் வாசிப்பவன் அழகுமுத்து, ஃபேக்டரியில் இரவு வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் காம்பராவில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். வாத்துப் படம் ஒட்டிய சுவருக்குக் கீழே இவர்கள் இருப்பார்கள்.

குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் பற்றிய விவாதம் போன வருடம் தொடங்கி இன்னும் முடியவில்லை. ஆடித் திருவிழா நோட்டீஸில் கோயில் கொமிட்டி அவர்களாகவே 'நமது பிள்ளைகளின் பாட்டு' என்று அடித்துவிட்டார்கள்.

இதுவரை அவர்கள் வாசித்ததெல்லாம் மற்றவர்களுடைய பாட்டுகள். இந்தத் திருவிழாவுக்கு முதல்தடவையாக நிஷாந்தி எழுதிய பாட்டு. கொமிட்டி பத்து நிமிடம் கொடுத்திருந்தது. விநோத உடைப் போட்டி முடிந்து, ஹட்டனிலிருந்து வரும் பெரிய இசைக்குழு மேடை ஏறும் வரைக்குமான பத்து நிமிடம். பாட்டு சரிவராவிட்டால் பழைய சினிமாப் பாட்டு இரண்டைப் பாடிவிட்டு இறங்கலாம் என்று செயலாளர் ஆறுதல் சொல்லியிருந்தார். 

பாட்டு ஈரத் துணியைப் பற்றியது. அடை மழையில் ஒரு கிழமையாகச் சட்டை காயாமல் தொங்குகிறது. பிறகு ஒருநாள் வெயில் வருகிறது. சனம் முழுக்கத் துணியை அள்ளிக்கொண்டு ஓடித் தேயிலைச் செடிகள்மேல் விரிக்கிறது. அவ்வளவுதான். ஓட்டமும் சிரிப்புமாகத்தான் அது அவள் வாயில் வந்தது. குழந்தைகளைத் தூங்கவைக்க அதைப் பாடிப் பார்த்தாள். ஒன்றும் தூங்கவில்லை. அதனால் பாட்டு சரியாக வந்திருக்கிறது என்று முடிவு செய்தாள்.

திலக்ஷனுக்கு நடுவில் தனியாக எட்டு ரவுண்டு வாசிக்க ஆசை. வெயில் வருவதற்கு முந்தி, பாட்டை நிறுத்தி, ஒக்டபேட் மட்டும். போன ஞாயிறு நிஷாந்தி அதை வெட்டினாள்.

"பாட்டு சட்டையப் பத்தி. ஒக்டபேட்டப் பத்தி இல்ல," என்றாள்.

அவன் சரி என்றான். அதுதான் அவள் செய்த பிழை. திலக்ஷன் ஒரே பேச்சில் சரி என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது பாட்டு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு விட்டு, தொண்டையைச் செருமி, வெளியே மழை விட்டுவிட்டதா என்றும் பார்க்க முடிந்தது. விடவில்லை. அழகுமுத்து கிட்டாரை மடியில் வைத்துவிட்டு வாத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரவு வேலைக் களைப்பு என்று நினைத்தாள். அவன் கையில் ஒரு கறுப்புப் பட்டி கட்டியிருந்தான். ஃபேக்டரியில் ஏதோ பிரச்சினை போல என்றும் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் றமணன் சேர் ஓர்கனிலிருந்து கையை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்லிக்கொண்டு வாறன்," என்றார். "இது சந்தோசப் பாட்டு இல்லை. உள்ளுக்கை ஒரு கவலை கிடக்கு. திலக்ஷனுக்கு விளங்கியிருக்கு. உமக்குத்தான் விளங்கேல்லை, நிஷாந்தி."

திலக்ஷன் சேரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"எங்க பாட்டுன்னா கவலையா இருக்கணும்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கா சேர்?" என்றாள் நிஷாந்தி.

"கோவிக்காதையும். நான் கேட்டதைச் சொன்னன்."

எல்லாரும் போனபின் கதவைப் பூட்டிக்கொண்டே திலக்ஷனை மடக்கினாள்.

"என்னடா கோரிக்கை?"

"என்ன கோரிக்கை? வாசிச்சேன்ல?"

"வாசிச்ச. ஒரு பாட்டுல நான் பீலியில ஒரு கொடம் தண்ணி புடிச்சிட்டு வந்திருக்கலாம்."

"ஏதாச்சும் அடி விட்டேனா, நிஷா? சொல்லு. விட்டிருந்தா திருத்திக்கிறேன்."

விடவில்லை. அதுதான் கஷ்டம்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. இன்னும் கொஞ்சம் மெதுவாக இருந்தது போலவும் பட்டது. சேர் அந்த வேகத்துக்கென்றே ஓர்கனில் புதிதாக ஒரு நீளமான இழுவை செய்துகொண்டு வந்திருந்தார். மழைக்காலத்தில் தூரத்து மாடு கத்துவதைப் போல இருந்தது. நன்றாகவும் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

திருவிழாவுக்கு நாள் நெருங்கியதால் நிஷாந்தி வீரய்யாவைப் பார்க்கப் போனாள். அவர் லயத்து வாசலில் குடையைத் திருத்திக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு மகனைப் பற்றி ஒரு வார்த்தை கோபப்படவில்லை. முகத்தில் கொஞ்சம் திருப்தி கூடத் தெரிந்தது.

"எத்தன நாளா ஸ்லோ போறான்?"

"ரெண்டு ஞாயிறா, மாமா. நீங்கதான் சொல்லிப் பாக்கணும்."

"நான் எப்பிடிப் புள்ள சொல்றது? போராட்டத்துல இருக்கவன நிறுத்துன்னு தலைவர் சொல்லலாமா?" குடைக் கம்பியை வளைத்துப் பார்த்தார். "ஆமா, உங்க செட்டுல தொர யாரு?"

"தொரயெல்லாம் யாரும் இல்ல மாமா. நாலு பேரும் ஒண்ணுதான்."

"காம்பரா சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

"எத்தன மணிக்கு ஆரம்பிக்கணும், எப்ப முடிக்கணும்னு யாரு சொல்றது?"

"நான்தான் சொல்வேன். சாவி என்கிட்ட இருக்கதால."

"அவன் கேட்டத முடியாதுன்னு சொன்னது?"

 வீரய்யா கம்பியைப் பூட்டினார். குடையை விரித்தார். ஒரு பக்கம் தொங்கியது.

"பேச்சுவார்த்தைக்குக் கூப்புட்டீங்கன்னா வர்றேன்," என்றார். "தேத்தண்ணி மட்டும் ஏற்பாடு பண்ணுங்க. வெறும் தேத்தண்ணி வேணாம், பால் போட்டு."

வீட்டுக்கு இறங்கும் வழியில் மழை தூறியது. அவளுடைய அம்மா, அம்மாவின் அம்மா, எல்லாரும் துரைமாரிடம் ஏச்சு வாங்கியவர்கள். அந்தப் பரம்பரையில் முதன்முதலாகத் துரையாகியிருக்கிறாள், அதுவும் சம்பளம் இல்லாமல். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்ல வாயெடுத்தவள் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டாள்.

பேச்சுவார்த்தை காம்பராவில் நடந்தது. வீரய்யா குட்டி நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பால் தேத்தண்ணி குடித்தார்.

"பதினாறு ரவுண்டு," என்றான் திலக்ஷன்.

"எட்டுதானே கேட்ட?"

"அது அப்ப. இப்ப பதினாறு."

பதினாறு கேட்டால்தான் எட்டு கிடைக்கும் என்பது நிஷாந்திக்கும் தெரியும். எட்டுக்கு உடன்படும் முன் நான்கு என்று சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். நான்கு என்றாள். வீரய்யா இரண்டு பக்கமும் பார்த்து எட்டு என்றார். எல்லாரும் வெகுநேரம் யோசித்து ஒத்துக்கொண்டார்கள். திலக்ஷன் அவளுக்குக் கை கொடுத்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். கை கொடுப்பது அதுதான் முதல்தடவை.

இதில் ஒரேயொருவரை மறந்துவிட்டார்கள்.

கடைசி ஒத்திகையில் திலக்ஷன் பழைய வேகத்தில் வாசித்தான். றமணன் சேர் இரண்டு வரி பின்னால் ஓடிவந்து, மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி ஓடுறீர்?"

"போராட்டம் முடிஞ்சிருச்சு சேர்."

"என்ன போராட்டம்?"

மழை தகரத்தில் விழுந்தது. நிஷாந்தி வாத்துப் படத்தைப் பார்த்தாள். யாராவது சொல்ல வேண்டும் என்பதால் திலக்ஷன் சொன்னான், முழுவதையும், பால் தேத்தண்ணி வரைக்கும்.

"அப்ப நீர் அந்தப் பாட்டை உணர்ந்து வாசிக்கேல்லை?"

"உணர்ந்துதான் சேர் வாசிச்சேன். கோவத்துல."

சேர் எழுந்தார். ஓர்கனைத் துவாயால் போர்த்தினார், குழந்தைக்குப் போர்த்துவது போல ஓரங்களையும் மடித்துவிட்டு. குடையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. 'சுகயீன விடுமுறை. சி. றமணன்.'

ஆசிரியர்மார் போராடினால் இப்படித்தான். கொடி பிடிக்கமாட்டார்கள், ஒட்டுமொத்தமாகக் காய்ச்சல் வரும். நிஷாந்திக்கு அது தெரியும். இருந்தாலும் சுகமில்லை என்று ஒருவர் எழுதினால் பார்க்கப் போவதுதான் முறை. பொட்டலத்தில் தோடம்பழமும் மாரி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு சேரின் குவாட்டர்ஸுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவருக்குக் காய்ச்சல் இல்லை. பொட்டலத்தைப் பார்த்ததும் இலேசாக இருமினார். அவளும் அதை நம்பியது போல நின்றாள்.

உள்ளே நுழைந்தால் சட்டைகள். ஜன்னலிலிருந்து கதவுக்கு ஒரு கயிறு, கதவிலிருந்து அலுமாரிக்கு இன்னொன்று. வெள்ளைச் சட்டைகள், நீலச் சட்டை, சாரம், பனியன். அடுப்புக்கு மேலே ஒரு காற்சட்டை. அறை முழுக்க ஈரத் துணியின் புளித்த வாடை. மேசையில் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. பாதி காய்ந்த சட்டை அதன் கீழே ஆவி விட்டது.

"நாளைக்குப் போட ஒண்டும் காயேல்லை," என்றார் சேர். "குனிஞ்சு வாரும், சாரம் முகத்தில படும்."

அவள் குனிந்து போய் இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தாள்.

"வந்து மூண்டு வருசம். ஒரு நாள்கூட நல்லாக் காஞ்ச சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனதா எனக்கு ஞாபகம் இல்லை. பெடியள் முதுகுக்குப் பின்னால 'ஈர சேர்' எண்டு சொல்லுறாங்கள், எனக்குக் கேக்கும்." தோடம்பழத்தைக் கையில் உருட்டினார். "எங்கட ஊரில துணி ஒரு மணித்தியாலத்தில காஞ்சிடும். வெயிலைப் பற்றி அங்கை ஒருத்தரும் பாட்டு எழுதமாட்டினம். கொடியில போட்டிட்டு மறந்துபோவம். நீர் அந்த முதல் அடியைப் பாடேக்கை இது என்ரை அறையைப் பற்றி எண்டு நினைச்சன். அவன் மெதுவா வாசிச்சதும், அவனுக்கும் அது விளங்கிப் போச்செண்டு... சரி விடும்."

நிஷாந்தி மேலே தொங்கிய சட்டைகளைப் பார்த்தாள். அவளுடைய பாட்டில் மழை இரண்டு வரிகளில் முடிந்துவிடும். வெயிலுக்கு அவ்வளவு அவசரம். இங்கே வெயில் இன்னும் வரவே இல்லை.

"சேர், மழை பாகம் உங்களோடது," என்றாள். "முத அடி முழுக்க. எவ்ளோ மெதுவா வேணும்னாலும் போங்க. அந்த மாடு கத்துறதும் போடுங்க."

"எந்த மாடு?"

"அந்த இழுவை சேர். வெயில் வந்ததுக்கப்புறம் எனக்கு என் ஸ்பீடு வேணும். அத விடமாட்டேன்."

சேர் யோசித்தார். சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தார்.

"லீவு வெள்ளிக்கிழமையோட முடியுது," என்றார். பிறகு பிஸ்கட்டைப் பிரித்தார்.

திருவிழா அன்று மழை. கொட்டகைத் தகரத்தில் அது அடித்த அடியில் விநோத உடைப் போட்டியில் யார் என்ன வேடம் என்று அறிவித்தது யாருக்கும் கேட்கவில்லை. காய்கறி வேடம் போட்ட ஒரு பிள்ளைக்கு முதற்பரிசு கிடைத்தது. என்ன காய்கறி என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

மேடைக்குப் பின்னால் அழகுமுத்து ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொமிட்டியின் மின்காரர் வைத்த பலகை. அதில் ஆறு பிளக் துளைகள். கிட்டார் வயரை ஒன்றில் சொருகினான். விலகி நின்று பார்த்தான். பிறகு கையிலிருந்த கறுப்புப் பட்டியை அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"எதுக்குடா அத கட்டியிருந்த?" என்றாள் நிஷாந்தி.

"இப்பதான்க்கா கேக்குறீங்க."

காம்பராவில் இரண்டு பிளக்தான் உண்டு. ஒன்று ஓர்கனுக்கு, ஒன்று ஒக்டபேட்டுக்கு. மூன்றாவதாக எதையாவது சொருகினால் கரண்ட் போய் மேல் லயத்தில் சோறு பாதியில் நிற்கும், யாராவது கரண்டியோடு வருவார்கள். அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

"கரண்ட் இல்லாம கம்பி மட்டுந்தான்க்கா ஆடும். எனக்கே கேக்காது. பட்டி கட்டுனா என்னான்னு கேப்பாங்கன்னு ஃபேக்டரியில சொன்னாங்க."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அப்புறம் எதுக்குக்கா பட்டி?"

"சரி, திலக்ஷன் ஸ்லோ போனப்ப நீ என்ன பண்ணுன?"

"எனக்கு யாரும் ஸ்லோன்னு சொல்லலியே. நான் பழைய ஸ்பீடுல வாசிச்சு முடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

பெயர் அழைத்துவிட்டார்கள்.

றமணன் சேர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். கொட்டகைக்கு நடந்து வந்ததில் அது மறுபடி நனைந்திருந்தது. அவர் வாசிக்கத் தொடங்கினார். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் என்று அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கிழமையா தொங்குது சட்டை
ஓரங்கூட காயல..."

தகரத்தில் மழை, கீழே அந்த இழுவை. அவள் அந்த அறையை நினைத்துக்கொண்டு பாடினாள். முதல் வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "யாருடி செத்தது?" என்று கேட்டது காதில் விழுந்தது. பின்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் கடலை வாங்க எழுந்து போனார்கள்.  எழுந்தவர்கள் திரும்பி வரும்போது பாட்டு முடிந்திருக்கும்.

பாட்டின் மழைப் பகுதி முடிந்தது. திலக்ஷனின் எட்டு ரவுண்டு.

அவன் நன்றாகத்தான் வாசித்தான். முன்னால் வீரய்யா எழுந்து நின்று, ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு வந்தது. திலக்ஷன் நிறுத்தவில்லை. வீரய்யா ஒன்பதாவது விரலை மடித்தார், பத்தை மடித்தார், பிறகு கையைக் கீழே போட்டுவிட்டுத் தலையாட்ட ஆரம்பித்தார். திலக்ஷனின் முகத்தில் சிரிப்பு. ஒப்பந்தம் அவனுக்கு மறந்தே போயிருந்தது. வேகம் ஏறியது, இறங்கியது, எங்கே போகிறதென்று அவனுக்கே தெரியவில்லை. சேரின் கைகள் ஓர்கனுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. நிஷாந்தி இரண்டு தடவை வாய் திறந்து மூடினாள். நுழைய இடமில்லை. மேடை ஓரத்தில் செயலாளர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். ஹட்டன்காரர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றார்கள்.

அப்போதுதான் கிட்டார் வந்தது.

கொட்டகையே கேட்கிற அளவுக்கு வந்தது. மின்காரர் திடுக்கிட்டுப் பலகையைப் பார்த்தார். அழகுமுத்து யாரையும் பார்க்கவில்லை. காலால் தாளம் தட்டிக்கொண்டு, அவள் முதல் ஞாயிறு பாடிக் காட்டிய அதே வேகத்தில், கூட்டாமல் குறைக்காமல் வாசித்தான். யாரும் அவனிடம் மாற்றச் சொல்லாத வேகம். திலக்ஷன் ஒரு கணம் காது கொடுத்து, வந்து அதில் விழுந்தான். சேரும் விழுந்தார். நிஷாந்தி மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"வெயில் வந்திருச்சு, வெயில் வந்திருச்சு,
தேயில மேல சேலைய விரிங்க!"

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டால் ஏசுவார் என்று தெரிந்தும் சேலை விரித்தவர்கள் அவர்கள்தான். பாட்டின் அடுத்த வரியில் கணக்கப்பிள்ளையே வந்தார், ஏசுவதற்கு இல்லை, கையில் தன்னுடைய ஈரப் பனியனோடு. சிரிப்பு பின்வரிசை வரை போனது. கடலைக்குப் போனவர்கள் பொட்டலத்தோடு ஓடிவந்தார்கள்.

கடைசி வரிக்கு முன் செயலாளர் மைக்கை நிறுத்தினார். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். நிஷாந்தி காம்பராவில் எப்போதும் மைக் இல்லாமல்தான் பாடியவள். கடைசி வரியை அப்படியே பாடினாள். மழைக்கு மேலால் முன் நான்கு வரிசைக்குக் கேட்டது.

இறங்கும்போது திலக்ஷன், "கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்றான்.

"பதினாறுக்கு மேல போயிட்ட."

"நிர்வாகம் நடவடிக்கை எடுக்குமா?"

"சாவிய நீயே வச்சுக்க," என்று அவன் கையில் திணித்தாள். "அடுத்த ஞாயிறு நீ வந்து தொறந்து கூட்டு. நான் லேட்டாத்தான் வருவேன்."

அவன் சாவியை ஏதோ பாரமான பொருளைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிஷாந்தி மீனம்மாவோடு வீட்டுக்கு நடந்தாள். லயத்துப் படி வந்ததும், "நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அம்மா. "ஆரம்பத்துல அழுவுற மாதிரி பாடுனியே, அது எதுக்கு?"

"அது றமணன் சேருக்கும்மா."

"ம். அந்தக் கிட்டாரு யாரு?"

"அழகுமுத்து."

"அவன் உங்க செட்டுலயா இருக்கான்?"

நிஷாந்தி நனைந்த துப்பட்டாவைப் பிழிந்து அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டாள். வியாழக்கிழமை வரைக்கும் அது காயவில்லை.